ஐந்து வாரம் நான் தடுத்து வைத்த மருந்து

1

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். என் வேலையே அதுதான். லாரியில் வருவதை இறக்குவேன், பெட்டியைப் பிரிப்பேன், குளிரில் வைக்க வேண்டியதைக் குளிரில் வைப்பேன், வார்டில் கேட்பதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போவேன். இங்கிலாந்து வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் ஓட்டலில் சமையல். அதற்கப்புறம் இந்த வண்டி.

பெட்டியில் இருந்தது ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்து. பெயர் எனக்குப் புதிதில்லை. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததுதான் புதிது. இந்தியாவில் செய்தது என்று போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். பக்கத்தில் நின்ற மருந்தாளுநர் பெண்ணிடம் காட்டினேன்.

"ஆமாம், இனிமேல் இதையும் வாங்குகிறோம். அதே மருந்துதான்" என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போடப் போய்விட்டாள்.

அதே மருந்துதான் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் போனில் என்னிடம் சொன்னார். அவரிடம் நான் கத்தினேன். கத்தினது தப்பு. அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இந்த இதழில் இதற்கு முன்னால் பனியைப் பற்றி எழுதினேன், இங்கே கிடைக்கும் மீனைப் பற்றி எழுதினேன், நன்றாக இருக்கிறது என்று சில பேர் சொன்னீர்கள். இதை வாசித்துவிட்டு அப்படிச் சொல்ல வேண்டாம்.

2

எங்கள் ஊர் காயல்பட்டினம். வெளியூர்க்காரர்களும் இதை வாசிப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. பெண்களுக்கு அது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு எவ்வளவு குரல் என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் என் மச்சானுக்கு நாங்கள் வைத்திருந்த குரல் ரொம்பக் குறைவு.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர், அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அக்காவை நாங்கள் லாத்தா என்போம், அம்மாவை உம்மா என்போம். மச்சான் திசையன்விளையில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. லாத்தா அப்படியே எதிர். அவள் வாய்க்கு எங்கள் தெருவில் எதிர்வாய் கிடையாது. மீன்காரர் விலை சொல்லி முடிப்பதற்குள் அவருடைய குடும்ப வரலாற்றை அவள் சொல்லி முடித்திருப்பாள்.

நானோ வெளிநாட்டில் இருக்கிறவன், அதிலும் ஆஸ்பத்திரியில் இருக்கிறவன். ஊரில் "தம்பி லண்டன்ல ஆஸ்பத்திரியில இருக்கான்" என்று உம்மா சொல்லும்போது கேட்பவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் இருப்பது லண்டனும் இல்லை. வண்டி தள்ளுகிறேன் என்று நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. விடுமுறைக்கு வந்தால் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து இதைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். நானும் வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, பதில் சொல்லியிருக்கிறேன். வெட்கம்கெட்ட வேலை.

3

லாத்தாவுக்கு முதலில் காலில் சிவப்புப் புள்ளி வந்தது. பிறகு பல் விளக்கும்போது ஈறில் இரத்தம். ஊரில் ஒரு கிளினிக்கில் பார்த்தார்கள். இரத்தத் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது இருபதாயிரத்தில் இருந்தது. நம் ஊர்ப்பக்கம் பிளேட்லெட் குறைந்தால் டெங்கு என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். மழைக்காலம் வேறு. மச்சான் கொல்லையில் இருந்த பப்பாளி மரத்திலிருந்து இலை பறித்து, இடித்து, பிழிந்து, காலையும் மாலையும் அரை டம்ளர் கொடுத்தார்.

"இதக் குடிச்சா டெங்கு போவுதோ இல்லியோ, நான் போயிருவேன்" என்றாளாம் லாத்தா. அந்தக் கசப்பு அப்படி.

நான்கு நாள். அவ்வளவுதான் அந்தச் சாறு. டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்ததும் மச்சான் அன்றைக்கே அவளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான்கு நாளில் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் என்னவென்று பிறகுதான் புரிந்தது. இரத்தம் உறைவதற்குத் தட்டணு வேண்டும். கிருமியை அடையாளம் காட்டுவதற்கென்று உடம்பு ஆன்டிபாடி என்ற ஒன்றைச் செய்கிறது. சில பேருக்கு அந்த ஆன்டிபாடி தன் சொந்தத் தட்டணு மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினதையெல்லாம் மண்ணீரல் பகை என்று நினைத்து அழித்துவிடும். ஏன் இப்படி ஆகிறது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். தட்டணு லட்சத்துக்கு ஏறியது. மாத்திரையைக் குறைத்ததும் மறுபடி இறங்கியது. கூட்டினால் சர்க்கரை ஏறியது, முகம் வீங்கியது. மூன்று மாதம் இப்படியே போனது. அப்போதுதான் டாக்டரம்மா ரிட்டுக்சிமாப் போடலாம் என்றார். அதுவும் ஒரு ஆன்டிபாடிதான், தொழிற்சாலையில் செய்வது. தப்பான ஆன்டிபாடியைச் செய்கிற செல்களுக்கு மூலமான செல்களைத் தேடிப்போய் ஒழிக்கும். எல்லாருக்கும் கேட்காது, கேட்டாலும் சில வாரம் ஆகும், அதனால் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். இப்போது எங்கள் கிடங்குக்கு இன்னும் புதுப்புது ஆன்டிபாடி மருந்துகள் வருகின்றன. தப்பான ஆன்டிபாடியையே இரத்தத்திலிருந்து விரட்டுகிற ஒன்றைக்கூட நான் மேலே தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கு லாத்தாவுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது ரிட்டுக்சிமாப்தான். அது போதுமானதாகவும் இருந்தது.

4

அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நான் தொழுதுவிட்டு வந்து ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மச்சான் கூப்பிட்டு, போனை டாக்டரம்மாவிடம் கொடுத்தார்.

"திங்கட்கிழமை ஆரம்பிச்சிரலாம்னு இருக்கேன் சார். வாரத்துக்கு ஒண்ணு, நாலு வாரம் ஏத்தணும்."

"எந்த ஊரு மருந்தும்மா?"

"இந்தியாவுலயே செய்யுதாங்க. அதத்தான் போடுவோம்."

"அது டூப்ளிகேட்டு. எங்க லாத்தாவுக்கு அது வேண்டாம்."

"டூப்ளிகேட் இல்ல சார். அதே மருந்துதான். நான் இங்கனயே நிறையப் பேருக்குப் போட்டிருக்கேன்."

"நம்மூர்ல பாலையே நம்ப முடியல, இதையா நம்பச் சொல்லுதீங்க? நான் இங்க ஆஸ்பத்திரியில, மருந்து டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். எனக்குத் தெரியாதா? ஒரு வாரத்துல ஒரிஜினல் கொண்டுவாரேன்."

"கவுண்ட் பன்னெண்டாயிரத்துல நிக்கி சார். அவங்களுக்கு நாள் இல்ல."

அப்போதுதான் கத்தினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது, பெரியவர்கள் வாசிக்கிற இதழ். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "குடும்பம் சம்மதிக்காம நான் போட முடியாது. முடிவ எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

பிறகு மச்சான் போனை வாங்கினார். வேண்டாம் என்று அவரிடமும் சொன்னேன். மச்சான் எதுவும் சொல்லவில்லை. அவர் சுபாவம் அப்படி. அடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு உம்மாவிடம் சொன்னேன். "தம்பி சொல்றபடியே செய்வோம்" என்று உம்மா முடித்துவிட்டார்கள். வேண்டாம் என்று மச்சான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டு முடிவுக்கு அவர் கையெழுத்து.

5

ஒரு வாரம் என்று சொன்னேன் அல்லவா. அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் கேட்டேன். வண்டி தள்ளுகிறவன் கேட்டால் தூக்கிக் கொடுக்க இது மளிகைக்கடையா என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது. எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். நோயாளி இங்கே இருக்கிறாரா என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். இல்லை, என் அக்கா, அவள் இரத்தத்தில் பிளேட் இல்லை என்றேன். பதற்றத்தில் எனக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டைப் பற்றி ஏதோ சொல்கிறேன் என்பது போல அவள் பார்த்தாள். தனியார் கிளினிக்கில் நோயாளியை நேரில் பார்க்காமல் எழுத மாட்டோம் என்றார்கள். இன்னொரு இடத்தில், ஊர் டாக்டரின் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

நான் கத்திய அதே டாக்டரம்மா அந்தக் கடிதத்தை மறுநாளே எழுதிக் கொடுத்தார். பதிவு எண் இல்லை என்று இங்கே திருப்பினார்கள். பதிவு எண்ணோடு வந்தது. முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பினார்கள். பிறகு விமானக் கம்பெனிக்கு ஒரு கடிதம், சுங்கத்துக்கு ஒரு கடிதம். வழி முழுக்க மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெட்டி. பெட்டி முதலில் வந்துவிட்டது. மருந்து வரவில்லை. காலிப் பெட்டியை மேசை மேல் வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு நாளும் ஊருக்குக் கூப்பிட்டு "இந்தா வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, இது இப்போதைக்கு நடக்காது என்று. அப்போதாவது "அங்கேயே போட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு போன்தான். டாக்டரம்மாவிடம் அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது என்று இருந்துவிட்டேன். வீம்பு. வேறு பெயர் கிடையாது.

6

ஆறாவது வாரத்தில் ஒரு காலை, அடுப்படியில் நின்ற லாத்தா தலை வலிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். வலது கையிலிருந்த கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. மச்சான் அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பறந்தார். மூளையில் இரத்தக் கசிவு. தட்டணு நாலாயிரம்.

பிழைத்துக்கொண்டாள், அல்லாஹ் கிருபை. தட்டணு ஏற்றினார்கள், வேறொரு மருந்தும் ஏற்றினார்கள், ஆபத்து தாண்டியதும் டாக்டரம்மா வேறு யாரிடமும் கேட்காமல் மச்சானிடம் மட்டும் கேட்டுவிட்டு ரிட்டுக்சிமாப் போட்டார். நம் நாட்டில் செய்ததுதான். நான்கு வாரம், நான்கு ஊசி. இரண்டு மாதத்தில் தட்டணு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஆறு வருடமாக இன்றுவரை இறங்கவில்லை.

அதாவது மருந்து கேட்டது. முதல் திங்கட்கிழமையே போட்டிருந்தால் அந்தக் காலைக்குள் நான்கு ஊசியும் முடிந்திருக்கும். அப்போதும் கசிவு வந்திருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை வைத்து நான் நிறைய நாள் தூங்கியிருக்கிறேன்.

லாத்தாவின் வலது கை இன்னும் முழுதாக மூடாது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வருகிறது. இப்போது மீன்காரர் விலையைச் சொல்லிவிட்டு அவளுக்காகக் காத்து நிற்கிறாராம்.

7

இனி எழுதப் போவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

லாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உறவினர்கள் என்னைக் கூப்பிட்டு, எப்படி ஆனது என்று கேட்டார்கள். "டெங்குன்னு நெனச்சு மச்சான் பப்பாளிச் சாறு குடுத்துக்கிட்டு இருந்துட்டாக, நேரம் போயிருச்சு" என்றேன். சொல் பொய் இல்லை, சொன்னது பொய். நான்கு நாள் சாறு என்றோ, என் ஐந்து வாரம் என்றோ சொல்லவில்லை. நான் சொன்ன ஒரு வரி ஊரைச் சுற்றி வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். மதியக் களறிச் சாப்பாடு, அதாவது கல்யாண விருந்து. எங்கள் ஊரில் சஹன் என்ற பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். எங்கள் சஹனில் நான், மச்சான், எனக்குப் பெரியவாப்பா, அதாவது பெரியப்பா, முறை ஆகிற ஒருவர். பக்கத்துச் சஹனில் ஒருவர் கறி அதிகமாகிவிட்டது, நெஞ்சைக் கரிக்கிறது என்றார்.

பெரியவாப்பா மச்சானைக் காட்டினார். "நம்ம மாப்ள இருக்காருல்லா. ஒரு டம்ளர் பப்பாளிச் சாறு பிழிஞ்சு தருவாரு. குடிச்சா எல்லாம் அடங்கிரும்."

"ஆளே அடங்கிருவான் வே" என்றார் அந்தப் பக்கத்துக்காரர்.

இரண்டு சஹனும் சிரித்தது. மச்சான் தலை நிமிரவில்லை. தன் பக்கத்துக் கறியிலிருந்து ஒரு நல்ல துண்டை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார். விருந்தாளிக்குச் செய்வது போல. நானும் சிரித்தேன். அந்தத் துண்டைச் சாப்பிடவும் செய்தேன்.

8

போன மாதம் அந்த மருந்துப் பெட்டி வந்த அன்று வீட்டில் என் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கல்லூரியில் படிக்கிறாள், உயிரியல். எங்களோடு பேசுவது குறைந்துவிட்டது, பேசினாலும் இங்கிலீஷ்தான். ஊரில் அவள் பேசுகிற ஒரே ஆள் லாத்தா. இவளுக்குத் தமிழ் மெதுவாக வரும், அவளுக்குப் பேச்சு மெதுவாக வரும். இரண்டு பேருக்கும் அவசரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போனில் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். என்னோடு ஐந்து நிமிடம்.

முழுக்கக் கேட்டுவிட்டு மகள் தமிழில் கேட்டாள்: "அப்போ ஏன் எல்லாரும் மாமாவச் சொல்றாங்க?"

கேட்டுவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் லாத்தாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  

"எனக்குத்... தெரியும்லே" என்றாள். பிறகு, "நானும்தான்... தெரு பூரா... சொன்னேன். தம்பி... சீமை மருந்து... கொண்டாரான்னு. பெருமை."

"நீ பெருமை பேசுன, நான்தான தடுத்தேன் லாத்தா."

"ஆமா" என்றாள். அதை மட்டும் பழைய வேகத்தில் சொன்னாள். "என்கிட்ட... அழாத. அவுஹகிட்ட சொல்லு."

மச்சான் போனை வாங்கினார். நான் லாத்தாவிடம் சொன்னதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்கிட்டச் சொல்லி என்ன மச்சான் செய்ய? எனக்குத் தெரியாத விஷயமா? தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

"ஊருக்கு வந்து சொல்லுதேன் மச்சான்."

"வந்தா நாலு பேருகிட்டச் சொல்லுவீங்க, மத்தவங்ககிட்ட மறந்துருவீங்க. நம்ம ஊரு புஸ்தகத்துல எழுதுவீங்கள்ல, மீனு, பனின்னு. அதுல எழுதுங்க. சஹன்ல சிரிச்சவங்க எல்லாரும் அதப் படிக்கிறவங்கதான்."

அதனால்தான் எழுதியிருக்கிறேன். என் லாத்தாவின் கையும் பேச்சும் போனது மச்சானால் இல்லை. அவர் நான்கு நாள் சாறு கொடுத்தார், ஐந்தாம் நாள் சரியான டாக்டரிடம் கொண்டுபோனார். ஐந்து வாரம் மருந்தைத் தடுத்து வைத்தவன் நான். பழியை அவர் மேல் போட்டவனும் நான். நான் டாக்டர் இல்லை, மருந்து படித்தவன் இல்லை, ஆஸ்பத்திரியில் வண்டி தள்ளுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகனோ தம்பியோ போனில் வைத்தியம் சொன்னால், பக்கத்தில் இருக்கும் டாக்டர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

9

இதை இதழுக்கு அனுப்புவதற்கு முன்னால் மச்சானுக்கு அனுப்பினேன். லாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாராம். தன் வாயைப் பற்றி எழுதியது குறைச்சல் என்று அவள் சொன்னாளாம். மச்சான் ஒரே ஒரு திருத்தம் சொன்னார், குரலாகப் பதிந்து அனுப்பியிருந்தார். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மச்சான். ஒண்ணு மட்டும் மாத்தணும். அந்த வெள்ளிக்கிழம நான் எதுவும் சொல்லலன்னு போட்டிருக்கீங்க. சொன்னேன். திங்கக்கிழமையே போட்டுருவோம் மச்சான், டாக்டரம்மா அவசரப்படுதாஹன்னு சொன்னேன். நீங்க வச்சிட்டீங்க. கையெழுத்துப் போடுததுக்கு முந்தி திரும்பக் கூப்பிட்டு அதையே சொன்னேன். கோவமாப் பேசிட்டு வச்சிட்டீங்க. மூணாவது தடவயும் கூப்பிட்டேன். நீங்க எடுக்கல."

இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. மேலே எழுதியதை நான் அழிக்கவில்லை. ஆறு வருடமாக அதை நான் எப்படி நினைவு வைத்திருந்தேன் என்று நீங்களும் பார்க்க வேண்டும். மச்சான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை நான் போனை எடுக்கவில்லை.